நாங்கள் பெங்களூரில் இருந்த நாற்பது நாட்கள்

"நாளையிலிருந்து பேப்பர் வேண்டாம்." சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மூன்றே வார்த்தை. முப்பத்தொரு வருஷம் வகுப்பில் நின்று தொண்டை கிழியக் கத்தியவளுக்கு இந்த மூன்று வார்த்தை வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்க்க இன்னும் இருபது பொய் சொன்னேன்.

எங்கள் வீடு எடமலைப்பட்டி புதூரில். நானும் என் வீட்டுக்காரர் பிலோமின்ராஜும் மட்டும்தான். நான் ரிட்டையர் ஆன டீச்சர், அவர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். ஒரே மகள் ஷெர்லின் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். பத்தொன்பது வருஷமாக எங்களுக்குப் பேப்பர் போட்டவர் ஆசாத் பாய். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலை ஐந்தரைக்கு வாசலில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டால் அது அவர். மழை நாளில் பாலிதீன் கவரில் சுருட்டி கேட் கம்பியில் செருகிவிட்டுப் போவார். அவர் மேல் ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

குறை அவரிடம் இல்லை, எங்களிடம்தான். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கும்போதே செல்போனோடுதான் எழுந்திருப்பார். பேப்பர் வருவதற்குள் எல்லாச் செய்தியையும் படித்து, எல்லோரையும் திட்டியும் முடித்திருப்பார். பேப்பர் பிரிக்கப்படாமலே அலமாரிக்கு அடியில் போய்ச் சேரும். ஒரு நாள் அந்த அடுக்கை இழுத்தால் சுவரோடு சேர்த்துக் கரையான். அன்றைக்கே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

இவர் பேப்பர் கம்பெனிக்கு போன் செய்தார். ஒன்றை அழுத்தவும், மூன்றை அழுத்தவும் என்று அழுத்திக்கொண்டே போய், கடைசியில் ஒரு பெண் வந்து, "பேப்பர் போடுறவர்கிட்டயே சொல்லிடுங்க சார்" என்று வைத்துவிட்டாள். போடுகிறவர் ஆசாத் பாய்.

இரண்டு வருஷம் முன்பு அவரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறோம். மறுநாள் காலையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றார். "டீச்சரம்மா, லேட்டா போட்டேனா? நனைச்சுப் போட்டுட்டேனா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்றார். அவர் முகம் பரீட்சையில் தோற்ற பிள்ளை முகம் மாதிரி இருந்தது. "ஐயோ பாய், தெரியாம சொல்லிட்டோம், நீங்க போடுங்க" என்றேன். இவர் உள்ளே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்தத் தடவை அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் பொய்யை யோசித்து வைத்தேன். அக்டோபர் முதல் ஞாயிறு சாயங்காலம் மாதப் பணம் வாங்க வந்தார்.

"பாய், நாங்க பெங்களூர் போறோம், மக வீட்டுக்கு. வர ஆறு மாசம் ஆகும். அதனால பேப்பர் வேணாம்."

"ஆறு மாசமா?" என்றவர் சட்டென்று முகம் மலர்ந்தார். "என்ன டீச்சரம்மா, நம்ம பாப்பாவுக்கு விசேஷமா?"

நான் தலையை ஆட்டினேன்.

ஷெர்லினுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது. எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி. மாதாமாதம் அவள் போன் செய்யும்போது, 'அம்மா' என்று சொல்கிற குரலிலேயே இந்த மாதமும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். பேப்பரை நிறுத்துவதற்காக அந்தப் பிள்ளையின் வயிற்றைச் சாட்சிக்கு இழுத்தேன். இல்லை பாய் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி போய்விட்டது.

"மாஷா அல்லாஹ்! எவ்வளவு நாள் கழிச்சு! நான் தொழுகையில துவா செய்றேன்மா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வீட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. பூட்டின வீட்டு வாசல்ல நோட்டீஸ் சேர்ந்துச்சுன்னா திருடனுக்குத் தெரிஞ்சிடும். தினம் இந்தப் பக்கம் வர்றவன்தானே, பார்த்துக்கிறேன். குழாய் வெளியதானே இருக்கு? செடிக்கும் தண்ணி ஊத்திடறேன்."

அவர் போன பிறகு இவர் சிரிக்கவில்லை. "அதைப் போய் ஏன் சொன்ன மேரி?" என்று மட்டும் கேட்டார். நான் இவர் மேலேயே எரிந்து விழுந்தேன்.

மறுநாளிலிருந்து எங்கள் பெங்களூர் வாசம் ஆரம்பித்தது. முன்வாசல் கிரில்லுக்கு வெளிப்பக்கம் பூட்டைத் தொங்கவிட்டு, பின்வாசல் வழியாகப் போய் வந்தோம். காலை ஐந்து மணிக்கு மேல் விளக்கு கிடையாது, ஃபேன் கிடையாது. இவருக்கு இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். பால் பாக்கெட் போடும் மகாலட்சுமியை ஏழு மணிக்கு மேல் பின்பக்கம் வரச் சொன்னேன். ஏன் டீச்சர் என்றாள். முன்பக்கம் பெயிண்ட் அடிக்கிறோம் என்றேன். எங்கள் கோயிலில் காலைப் பூசைக்குப் போனால் வழியில் அவர் கண்ணில் படுவோம் என்று மேலப்புதூருக்குச் சாயங்காலப் பூசைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் நான். பொய் சொல்லாதே என்கிற எட்டாம் கட்டளையை வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு உருப்போட வைப்பவள். மூட்டு வலி என்று பங்குச் சாமியாரிடம் சொல்லி லீவு எடுத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் மற்றப் பாவங்களோடு இதையும் சொல்லலாமா என்று யோசித்தேன். பேப்பர்காரருக்குப் பயந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அதற்கும் வெட்கம்.

ஆசாத் பாய் ஒரு நாளும் தவறவில்லை. ஜன்னல் திரையின் ஓரமாக நின்று பார்ப்பேன். சைக்கிளைச் சாய்த்து வைத்து, கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, வாளியில் பிடித்து, ஒவ்வொரு தொட்டிக்கும் வேர் பார்த்து ஊற்றுவார். டியூஷன் நோட்டீஸ், கேஸ் அடுப்பு நோட்டீஸ் எல்லாவற்றையும் பொறுக்கித் தொட்டிக்கு அடியில் வைப்பார். சாய்ந்து போன ரோஜாக் கிளையை, பேப்பர் கட்டு கட்டி வருகிற சணலால் ஒரு குச்சியில் கட்டிவிட்டார். நான் வைத்ததைவிடச் செடி நன்றாக வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நவம்பர் முதல் ஞாயிறு வந்தது. சாயங்காலம் எதிர்வீட்டு நஜீமாவிடம் மாதப் பணம் வாங்க அவர் வருவார். தெருவில் நின்று பேசுவார். காலையிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு அரியமங்கலத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டோம். ஏழு மணிக்கு மேல்தான் திரும்பி வந்தோம்.

அதற்கு மறுநாளிலிருந்து எங்களுக்கு ஒரு சௌகரியம் கிடைத்தது. ஆசாத் பாய் தெருமுனையில் திரும்பும்போதே சைக்கிள் மணியை அடிக்க ஆரம்பித்தார். டிரிங் டிரிங் என்று இரண்டு தடவை. பத்தொன்பது வருஷத்தில் அவர் மணி அடித்து நான் கேட்டதே இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்பார். தெருவில் நாய்கள் பெருகிவிட்டன, அதுகளை விரட்டத்தான் அடிக்கிறார் என்றார் இவர். எதற்காக இருந்தால் என்ன, மணி கேட்ட பிறகு விளக்கை அணைத்தால் போதும் என்று ஆனது. காலையில் காபி குடிக்கவே ஆரம்பித்துவிட்டோம். அந்த நாய்களை மனதுக்குள் வாழ்த்தக்கூடச் செய்தேன்.

நாற்பதாவது நாள் நல்ல மழை. ராத்திரி முழுக்கப் பெய்து காலையிலும் விடவில்லை. இன்றைக்குச் செடிக்குத் தண்ணீர் வேண்டியதில்லை, வரமாட்டார் என்று நினைத்தேன். மணி அடித்தது. விளக்கை அணைத்துவிட்டுத் திரை ஓரம் போய் நின்றேன்.

எங்கள் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறினால் வீட்டுக்குள் வந்துவிடும். அவர் தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பேப்பர் கட்டை மூடினார். பிறகு கேட்டைத் திறந்து வந்து, தண்ணீர் போகிற ஓட்டையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் கையைச் சாக்கடைக்குள் விட்டார். இலையும் பால் கவருமாக வந்தது. பால் கவர்! நாங்கள் குடித்த பாலின் கவர். மழையில் நனைந்துகொண்டு, ஆள் இல்லாத வீட்டுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று அந்த மனிதர் எங்கள் குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "போதும்ங்க, நான் சொல்லிடறேன்" என்று இவரிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன். அப்போதுதான் கிரில்லின் பூட்டு வெளியே தொங்குவது ஞாபகம் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு, கம்பிக்கு நடுவே கையை வெளியே விட்டு, தலைகீழாகப் பூட்டைத் தடவினேன். சொந்த வீட்டில் திருடி மாதிரி. சாவி நுழையவே இல்லை. ஆசாத் பாய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். என் கையையும் பூட்டையும் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலியாகிவிட்ட ஓட்டையை மறுபடியும் தோண்டத் தொடங்கினார். நான் பூட்டைத் திறந்து படியில் வந்து நிற்கும் வரை தோண்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் எழுந்து, இப்போதுதான் பார்ப்பவர் போலச் சிரித்தார்.

"வந்துட்டீங்களா டீச்சரம்மா? நைட் பஸ்ஸா?"

"பாய்..." என்றேன்.

"பெங்களூர்லயும் மழைதானா?"

சொல்லத்தான் வந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வந்தேன். வாய் திறந்தது. "ஆமா பாய்," என்றது என் வாய், "அங்கயும் மழைதான்."

"உடம்பைப் பார்த்துக்கங்க. சாருக்கு இருமல் இருக்கும், இந்த ஈரம் ஆகாது. இனிமே செடிக்கு நீங்களே தண்ணி ஊத்திக்கங்க, என்ன? போயிட்டு வரேன்மா." குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.

நான் படியிலேயே நின்றேன். இவர் பின்னால் வந்து நின்றார். "மேரி, ஷெர்லின் எப்படியிருக்கான்னு அவர் கேக்கவே இல்லையே" என்றார். "பேப்பர் திரும்பப் போடவான்னும் கேக்கல."

மழை விட்டதும் நேராக நஜீமா வீட்டுக்குப் போனேன். அடுப்பில் ஏதோ வைத்திருந்தாள். ஆசாத் பாய் எங்களைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு டீச்சர். போன மாசப் பணம் வாங்க வந்தப்ப, ஷெர்லினுக்கு எத்தனை மாசம், பெங்களூர்லருந்து போன் வந்துச்சான்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. டீச்சர் காலையிலதான் அரியமங்கலம் போனாங்க, ராத்திரி வந்துடுவாங்கன்னுட்டேன். அப்புறம், நான் கேட்டேன்னு டீச்சரம்மாகிட்ட சொல்லிடாதீங்க, சங்கடப்படுவாங்கன்னாரு."

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மறுபடி போடச் சொல்லிவிடுவோமா என்றார் இவர். அது இன்னொரு பொய். வேண்டாத பேப்பரை வாங்கி என் வெட்கத்தை அதில் மூடி வைப்பதுதான். நாளைக் காலையில் அவர் முன்னால் நின்று, பெங்களூர் போகவில்லை பாய், என் மகளுக்கு விசேஷமும் இல்லை, உங்களிடம் வேண்டாம் என்று சொல்லத் துப்பில்லாமல் இதைச் செய்தேன் என்று சொல்லிவிடுவது என முடிவு செய்தேன். மன்னிப்பாரா மாட்டாரா என்பது அவர் இஷ்டம்.

நாலரைக்கே எழுந்தேன். ஹாலில் விளக்கைப் போட்டேன். கிரில் பூட்டை எடுத்து மேஜை டிராயரில் வைத்தேன். தெருமுனையில் மணி அடித்ததும் வெளியே போய் கேட்டருகே நிற்பது என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்தரை ஆனது. தெருவில் நேற்றைய மழைத் தண்ணீர் நிற்கும், அதனால் தாமதம் போல என்று நினைத்தேன். ஆறு மணிக்கு வெளிச்சம் வந்தது. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து வாசலுக்கு ஓடினேன்.

எதிரே நஜீமா வீட்டு வாசலில் பேப்பர் கிடந்தது. அடுத்த வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும் கிடந்தது. எப்போதோ வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தெருமுனையில் நான்கு நாய்கள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன.

மணி அடிக்கவில்லை. விளக்கை அணைத்துக்கொள்ளுங்கள், நான் வருகிறேன் என்று இத்தனை நாள் எங்களுக்காகத்தான் அடித்திருக்கிறார். இனிமேல் அவர் அடிக்க வேண்டியதில்லை.