மச்சான் மூச்சு வாங்கிய இடம்

பிணவறை என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த டெத் மெட்டல் இசைக்குழுவுக்கு முப்பது வயது. அதில் பிணங்களைப் பற்றி உறுமிப் பாடுகிறவர் ஒரு சலவைக் கடைக்காரர். டிரம்ஸ் வாசிப்பவர் லிப்ட் மெக்கானிக், கடைக்காரரின் தங்கையைக் கட்டியவர். இரண்டு பேரும் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டார்கள். அவர்களுடைய ஒன்பதாவது ஆல்பம் போன வாரம் வெளிவந்தது, வந்த வேகத்தில் படுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு விடுமுறை. மெக்கானிக் பக்கவாட்டுக் கதவு வழியாக, வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு உள்ளே போனார். சீட்டு குத்திய கோட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. கடைக்காரர் இஸ்திரி மேசையில் சாய்ந்துகொண்டு செல்போனில் விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பாடுறவருக்கு மூச்சு வாங்குது, யாராவது நாற்காலி போடுங்கன்னு எழுதியிருக்கான்."

"விடு மச்சான். வேலையத்தவன்."

"தப்பா ஒண்ணும் எழுதலையே. டிரம்ஸ் மட்டும் துல்லியம்னு எல்லாருமே சொல்றாங்க. ஒரு அடி பிசகல மாப்ள. இந்த வயசுல எப்படிடா?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆனது மெக்கானிக்குக்கு. அந்த அடிகள் அவருடையவை அல்ல.

ஒலிப்பதிவில் மற்றவர்கள் தாளம் தப்பாமல் வாசிப்பதற்காக முதலில் கம்ப்யூட்டரில் டிரம்ஸ் சத்தத்திலேயே ஒரு தாளத்தைப் போட்டு வைப்பார்கள். டிரம்மர் வாசித்து முடித்ததும் அதை அழித்துவிடுவார்கள். இந்த முறை மூன்றாவது பாட்டிலேயே, பெரிய டிரம்மின் பெடலை மிதிக்கும் அவருடைய முட்டி மக்கர் செய்துவிட்டது. லிப்ட் ஓடாத கட்டிடங்களில் இருபது வருடம் மாடி ஏறிய முட்டி, அதைச் சொல்லியும் குற்றமில்லை. ஸ்டுடியோக்காரரிடம் கெஞ்சி, எல்லாப் பாட்டுக்கும் கம்ப்யூட்டர் தாளத்தையே விட்டுவைக்கச் சொன்னார். குழுவில் யாராவது கண்டுபிடித்தால் உண்மையைச் சொல்லி விலகிவிடுவது என்று இருந்தார். இரைச்சலில் பாதிக் காது போனவர்கள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தான் இல்லாதது யாருக்கும் தெரியவில்லையே என்பதுதான் அவருக்கு வலித்தது.

"நான் நிறுத்திக்கிறேன் மாப்ள," என்றார் கடைக்காரர். "வரி வரியா வெட்டி ஒட்டித்தான் பாடினேன். எங்கயும் மூச்சு எடுக்க முடியல. சாயங்காலம் பசங்ககிட்ட சொல்லிடப் போறேன், வேற ஆளப் பாத்துக்கங்கன்னு."

எங்கேயும் மூச்சு எடுக்க முடியவில்லை. மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது.

பல்லவி தொடங்கும் அடியை அவர் எப்போதுமே ஒரு மயிரிழை தாமதமாகத்தான் போடுவார். முதல் ஆல்பத்திலேயே அதைப் பிழை என்று எழுதினார்கள். அவரும் திருத்திப் பார்த்தார், நாய் வாலை நிமிர்த்திய கதைதான். அந்த இடைவெளியில்தான் மச்சான் முப்பது வருடமாக மூச்சை இழுத்திருக்கிறார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. கம்ப்யூட்டருக்குத் தாமதிக்கத் தெரியாது.

வாயை மூடிக்கொண்டால் டிரம்ஸுக்குப் பின்னால் இருக்கும் முக்காலி இன்னும் கொஞ்ச நாள் தன்னுடையதாக இருக்கும். மச்சான் போய்விடுவார், அவ்வளவுதான். மெக்கானிக் கம்பியில் தொங்கிய ஒரு கோட்டின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"உன் மூச்சு போகல மச்சான். போனது என் முட்டி."

எல்லாவற்றையும் சொன்னார். கடைக்காரர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எங்க, தட்டு."

மெக்கானிக் மேசை மேல் உள்ளங்கையால் பழைய பாட்டு ஒன்றைத் தட்டினார். கடைக்காரர் அடித்தொண்டையில் உறுமினார். பல்லவிக்கு முன்னால் அந்த மயிரிழை வந்தது. கடைக்காரரின் நெஞ்சு நிறைந்து விரிந்தது. பல்லவியை ஒரே மூச்சில் கடைசிவரை பாடி முடித்தார். கம்பியில் கோட்டுகள் லேசாக ஆடின.

"ரெண்டு மாசமா நெஞ்சு டாக்டர்கிட்ட அலையிறேண்டா," என்றார் கடைக்காரர். "எல்லாம் நல்லா இருக்குன்னு மூணு தடவ சொன்னாரு. உனக்கு வைத்தியமே தெரியலன்னு அவர திட்டிட்டு வந்தேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. குழுவில் தன் இடம் எது என்பதும், அது போய்விட்டது என்பதும் அவருக்கு ஒரே நேரத்தில் தெரிந்தன.

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையில் இருந்த நாற்காலியை இழுத்து மெக்கானிக்கின் பக்கத்தில் போட்டார்.

"உக்காரு மாப்ள. எவ்வளவு நேரமா அந்தக் கால்ல நிக்கிற?"