திருப்பி வைத்த இருக்கை

என் கணவர் துராட் இறந்தபோது அவருக்குக் குதிரை இல்லை. அது ஒரு குறையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் ஏரிக்கரையில் ஓர் ஆண் இறந்தால் அவன் குதிரையின் சேணத்தைப் பின்பக்கமாகத் திருப்பிக் கட்டுவார்கள். ஒரு வருடம் அதில் யாரும் ஏறமாட்டார்கள். வருட விருந்தன்று அதை அறுத்து ஊருக்குப் போடுவார்கள். இப்போது பாதி வீடுகளில் இதெல்லாம் இல்லை. ஆனால் துராட்டின் அண்ணன் ஜூமார்ட், நாங்கள் மரியாதையாகப் 'பைகே' என்று கூப்பிடுபவர், விடுவதாக இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் கையில் ஸ்பேனரோடு எங்கள் கொட்டகைக்குள் நுழைந்தார்.

"அவன் குதிரை இதுதானம்மா, கெரெஸ்" என்றார்.

ஐம்பத்தாறாம் வருடத்து இஷ் என்ற ரஷ்ய மோட்டார்சைக்கிள். கறுப்பு. பெட்ரோல் தொட்டியில் துராட் தன் கையாலேயே இழுத்த மஞ்சள் கோடு ஓரிடத்தில் மட்டும் லேசாக நெளிந்திருக்கும். பைகே ஸ்பிரிங் வைத்த இருக்கையைக் கழற்றி, முன்னது பின்னாகத் திருப்பி வைத்து முடுக்கினார். அழுதுகொண்டே முடுக்கினார். ஒரு வாஷர் கீழே உருண்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

அதன்பிறகும் வரவில்லை. தபால் நிலையத்துக்குப் போனேன், முத்திரை குத்தினேன், வந்தேன், ரொட்டி சுட்டேன். எதைத் தொட்டாலும் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தொடுவதுபோல் இருந்தது. ஆப்ரிகாட் மரங்கள் பூத்தன, காய்த்தன. பார்த்தேன் என்று மட்டும் சொல்லமுடியும்.

ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்த வண்டியை ஒருமுறை ஓட்டவேண்டும். பதினோரு வருடம் அதில் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். நாலைந்து முறை, ஆளில்லாத கரைச்சாலையில், துராட் என்னை முன்னால் உட்காரவிட்டிருக்கிறார். அது வேகமான வண்டி இல்லை. புதிய வண்டிகள் நம்மைக் கேட்காமலே ஓடிவிடும். இது ஒவ்வொரு மேட்டிலும் கேட்கும்: கிளட்சை இப்போது விடுகிறாயா, காற்று போதுமா, அந்தச் சத்தம் என்ன என்று பார்த்தாயா? பதில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். உடம்பு முழுக்கக் காதாகிவிடும். வேறு ஒன்றையும் நினைக்க இடம் இருக்காது. எனக்கு அந்த இடமின்மைதான் வேண்டியிருந்தது.

விருந்தோடு வண்டி போய்விடும் என்பது முடிவாகியிருந்தது. அறுக்கமுடியாது, ஆகவே தலைநகரத்தில் பழைய வண்டிகளைச் சேர்த்துவைத்திருக்கும் துராட்டின் நண்பர் அர்செனுக்கு. விருந்தன்று அவர் மினிலாரியோடு வந்திருந்தார்.

விருந்துக்கு வாங்கி அறுத்த பெட்டைக்குதிரையின் கறி தீர்ந்து, தேநீர் வந்த சமயம்.

"இந்த இரும்பை அறுத்தா எத்தனை பேருக்குக் கறி வரும்?" என்று கிழவர் ஒருவர் கொட்டகையைப் பார்த்துக் கேட்டார்.

"ஒனக்கெதுக்குப்பா அந்தக் கணக்கு? குதிரைக்கறியையே நீ சூப்பாத்தானே குடிச்ச!" என்று இன்னொருவர் சொல்ல, பல்லில்லாத கிழவரே முதலில் சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் நடுவில் நான் சொன்னேன். "பைகே, குடுக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ ஓட்டிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வருடத்தில் நான் கேட்ட முதல் விஷயம் அது என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்கவேண்டும். எழுந்து, இருக்கையை நேராகத் திருப்பி வைத்தார்.

நான் கிக்கரில் கால்வைத்து மிதித்தேன். இறங்கவில்லை. ஏறி நின்றேன். என் முழு எடையிலும் அது அசையவில்லை.

அர்சென் குனிந்து பார்த்தார். "ஒரு வருஷம் கிக்கரத் தொடவே இல்லையா?"

"எப்படித் தொடுறது? துக்கத்துல நிக்கிற வண்டிப்பா" என்றார் பைகே.

"குதிரன்னா நின்னுக்கிட்டே மூச்சு விடும், பைகே. இது ஓடினாத்தான் மூச்சு. ஏரி ஈரம் வேற. பிஸ்டன் துருப்பிடிச்சு சிலிண்டரோட ஒட்டிக்கிச்சு."

பைகேயின் முகம் வெளுத்தது. "அப்போ நான்தான் அவன் குதிரையக் கொன்னேனா?"

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. அர்சென் அன்று எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். நான் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைவழியாக மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினேன். துராட் மற்றவர்களின் வண்டிகளுக்கு அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை வண்டியை மூன்றாவது கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினோம். பைகே பின்னாலிருந்து தள்ளினார். "மன்னிச்சிரு, மன்னிச்சிரு" என்று முனகிக்கொண்டே தள்ளினார். துராட்டிடமா வண்டியிடமா என்று தெரியவில்லை. மதியத்துக்குச் சற்று முன்னால், உள்ளே எதுவோ 'கிர்ர்' என்று விட்டுக்கொடுத்தது. பின்சக்கரம் ஒரு விரல் அளவு நகர்ந்தது. அப்புறம் ஒரு சாண்.

மண்ணெண்ணெயை வெளியேற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டி, எண்ணெய் கலந்த புதுப் பெட்ரோல் ஊற்றினேன். பதினாறாவது மிதியில் பற்றிக்கொண்டது. கொட்டகை முழுக்க நீலப் புகை.

கரைச்சாலையில் போனேன். முதல் மேட்டில் அது திணறியது. கியரைக் குறைத்தேன், ஏறியது. எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன். எஞ்சினில் புதிதாக ஒரு கீச்சு இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே போனேன். துராட்டை நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதையும் நினைக்கவில்லை. மீன் விற்கும் வளைவில் திரும்பி வந்தேன்.

முற்றத்தில் அர்சென் லாரியின் பின்கதவைத் திறந்து, ஏற்றுவதற்குப் பலகை சாய்த்து வைத்திருந்தார். நான் எஞ்சினை அணைக்கவில்லை.

"உங்க கூடத்துல இத யாரு ஓட்டுவா, அர்சென்?"

"யாரும் ஓட்டமாட்டாங்க, அண்ணி. துடைச்சு வைப்போம். பார்க்கறவங்க பார்ப்பாங்க."

"அப்போ மறுபடியும் ஒட்டிக்கும். தரமாட்டேன்."

பைகே குறுக்கே வந்தார். "கெரெஸ், முறைனு ஒண்ணு இருக்கும்மா. செத்தவன் குதிரை வருஷத்துக்கு மேல உசுரோட இருக்கக்கூடாது. ஊர் என்ன பேசும்?"

"இல்லையே, பைகே. நேத்து எல்லார் கண்ணு முன்னாடியும் அது செத்துத்தானே கெடந்துச்சு? நீங்களே கொன்னீங்க. முறை முடிஞ்சுது."

அர்சென் சட்டென்று சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். பைகே சிரிக்கவில்லை. புகைக்குழாயைப் பார்த்தார். பிறகு பலகையின் ஒரு முனையைத் தூக்கினார்.

"பிடிப்பா. பலகைய லாரிக்குள்ள தள்ளு. காலியாப் போறதுல ஒனக்கென்ன, பெட்ரோல் மிச்சம்."

லாரி போனபிறகு அவர் என் பக்கத்தில் வந்தார்.

"ஓட்டும்போது எப்படிம்மா இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் தோணல, பைகே" என்றேன்.

அவர் தலையாட்டினார். எனக்கு இன்னும் எதுவும் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கீச்சு கிளட்ச் பக்கமிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச் மூடியைக் கழற்றுவதற்காக ஸ்பேனரைத் தேடிப் போனேன்.