பஞ்சாலையின் பெயருக்கு முன்னால் ஒரு கோடு

இறந்து மூன்று வருடமான பிறகும் மரம் சீவுகிற பஞ்சாலை என்ற பெண் ஒருநாள்கூடப் பெரட்டுக்குத் தாமதமாக வந்ததில்லை. லிங்கி ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காலை ஐந்தரைக்கு ஆள்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. முன்பு ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ராமகிருஷ்ணன் தொண்டை வறளக் கூப்பிட்டார். பிறகு ஆபீசுக்கு லினக்ஸ் கணினி வந்தது. ஆளுக்கொரு கோப்பு, கோப்பின் பெயரை ஒலிபெருக்கியில் அதுவே வாசித்தது. செத்தவர் பெயருக்கு முன்னால் சின்னக் கோடு போடுவது காகிதக் காலத்துப் பழக்கம். பஞ்சாலை காய்ச்சலில் போனபோது கிராணி கோப்பின் பெயரிலும் அதே கோட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். கோட்டின் அர்த்தத்தைக் கணினிக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் அது கூப்பிட்டது, அவள் வந்தாள்.

முதல் வாரம் ஆள்கள் தள்ளி நின்றார்கள். பிறகு ஆள் பற்றவில்லை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவளுக்கும் சீவ ஒரு நிரை மரம் கொடுத்தார். புருஷன் முருகையாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. உயிரோடு இருந்தபோதே அவளுக்கு முட்டிவலி.

"செத்தும் ஓய்வு இல்லன்னா என்னா ஞாயம், கிராணி ஐயா?"

"அழிச்சுப் பாத்துட்டேன்பா. போகமாட்டேங்குது."

பாரோய் ஊரிலிருந்து மகேந்திரன் என்ற கணினிக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். அழி என்ற கட்டளைக்குப் பின்னால் கோடு வந்தால், எப்படி அழிப்பது என்று யாரோ உத்தரவு போடுவதாகக் கணினி நினைத்துக்கொண்டது. பஞ்சாலை என்று ஓர் உத்தரவு தனக்குத் தெரியாது என்றது. பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்தான். அப்போதும் தெரியாது என்றது. ஐந்தாவது தடவை, வாசலில் வாளியோடு நின்ற பஞ்சாலைக்கே பொறுமை போய்விட்டது.

"எங்க நிக்கிறேன்னு சொல்லாம வெறும் பேர மட்டும் சொன்னா அதுக்கு என்னா தெரியும்? மண்டோரு நிரையச் சொல்லித்தான கூப்பிடுவாரு. இங்க நிக்கிறவன்னு சொல்லு லா."

மகேந்திரன் தலையைச் சொறிந்தான். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு. இந்த இடத்திலேயே இருப்பது என்று அதற்குப் பொருள். விரல் பொத்தான் மேலேயே நின்றது. முருகையா அவளைப் பார்த்தார், பிறகு அவள் முட்டியைப் பார்த்தார்.

"அமுக்கு தம்பி," என்றார்.

கோப்பு போனது. வாசலில் வாளி மட்டும் இருந்தது.

மறுநாள் பெரட்டில் அவள் பெயர் வரவில்லை, அவளும் வரவில்லை. முருகையா மரம் சீவிவிட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினார். பஞ்சாலை அப்போதுதான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரும் கூப்பிடல," என்றாள். "நல்லாத் தூங்கிட்டேன்."

இப்போதும் அவள் ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருக்கிறாள்.