பப்ஸ் வாங்கப் போனவர்

என் கணவர் இடைவேளையில் பப்ஸ் வாங்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் இடைவேளையை எடுத்துவிட்டார்கள்.

அறிவிப்பு திரையிலேயே வந்தது. இனிமேல் படங்கள் நேராக வீட்டுக்குப் போகின்றன. வீட்டில் யாரும் இடைவேளை விடுவதில்லை. ஆகவே இடைவேளை இன்று முதல் கிடையாது. கீழே நன்றி என்று போட்டிருந்தார்கள். உடனே இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது.

அவர் சீட்டில் கைக்குட்டை கிடந்தது. நீலக் கட்டம் போட்டது. எழுந்து போகும்போதெல்லாம் இடம் பிடிக்க அதைப் போட்டுவிட்டுத்தான் போவார். கூட்டத்துக்கு முந்திக்கொள்ள இடைவேளைக்கு இரண்டு சீன் முன்பே கிளம்புவார். படம் மறுபடி தொடங்கி இரண்டு சீன் கழித்து வருவார். உட்கார்ந்ததும், "என்ன நடந்துச்சு?" என்பார். நான் அவர் காதில் விட்டுப்போன கதையைச் சொல்வேன். கல்யாணமான முதல் மாதத்திலிருந்து இப்படித்தான். எந்தப் படத்திலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

இந்தப் படத்தின் இரண்டாம் பாதி எட்டு எபிசோடுகளாக வந்தது. அதன் பிறகு இரண்டாவது சீசன் வந்தது. நான் ஒன்றையும் விடாமல் பார்த்தேன். அவர் வந்து கேட்டால் சொல்ல வேண்டுமே.

கைக்குட்டைக்கு அடுத்த சீட்டில் ரெங்கநாயகி அக்கா இருந்தார். மூன்றாவது சீசனில்தான் பழக்கமானோம்.

"ஹீரோ செத்துட்டானே, இப்ப யாரும்மா பைக் ஓட்டறது?" என்றார்.

"அவனேதாங்க்கா. இது அவன் சாகறதுக்கு முன்னாடி."

"சாகப்போறது அவனுக்குத் தெரியுமா?"

"நமக்கு மட்டும்தான் தெரியும்."

"பாவம். ஹெல்மெட் வேற போட்டிருக்கான்."

கொஞ்ச நேரம் பார்த்தோம். வில்லன் ஒரு ஊரைக் கொளுத்தினான்.

"இவனோட சின்ன வயசுக் கஷ்டத்தை அஞ்சு எபிசோட் காட்டிட்டாங்க. இப்ப எனக்கு இவன் மேலதான் பாசம். கையைச் சுட்டுக்குவானோன்னு பதறுது" என்றார் அக்கா.

"ஹீரோயினுக்குக் கல்யாணம் எப்பக்கா?"

"நாலாவது சீசன்ல. ஆனா நாலாவது சீசனை நிறுத்திட்டாங்களாம்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"மண்டபத்துலயே நிக்கிறா. மாலையும் கழுத்துமா."

என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. கைக்குட்டையைப் பார்த்துக்கொள்ளும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் அந்தோணி அண்ணன் நின்றிருந்தார்.

"அண்ணே, இடைவேளைக்கு எந்தப் பக்கம் போகணும்?"

"அதை எடுத்தாச்சேம்மா."

"என் வீட்டுக்காரர் அதுக்குள்ள இருக்காருண்ணே."

அவர் என் டிக்கெட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். "இது படத்துக்கு மட்டும்தாம்மா. இடைவேளையை நாங்க சும்மாதான குடுத்தோம். சும்மா குடுத்ததைத் திருப்பிக் கேட்டா நான் என்ன செய்ய? மாடியில போய்க் கேளுங்க."

மாடிக்குப் பதினெட்டுப் படிகள். நான் எத்தனை ஏறினாலும் பதினெட்டு மீதமிருந்தது. சுவரில் போஸ்டர்கள் ஒட்டியிருந்தார்கள். படிக்குப் படி ஹீரோவின் வயது குறைந்துகொண்டே போனது. ஹீரோயின்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு போஸ்டரில் ஹீரோயினே இல்லை, காத்திருக்கவும் என்று எழுதியிருந்தது. அங்கே கதவு இருந்தது.

ஆபரேட்டர் ரூமில் மெஷினைக் காணோம். மெஷின் இருந்த இடத்தில் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் மிருதுளா என்று பலகை சொன்னது. கதை கேட்டு ஒப்புதல் கொடுப்பது அவள் வேலை.

"ஒன்லைன் சொல்லுங்க மேடம்."

"கதையில்லைம்மா. என் வீட்டுக்காரர்."

"அவரைத்தான் ஒரே வரியில சொல்லுங்க."

"பப்ஸ் வாங்கப் போனவர், இன்னும் வரலை."

"கான்ஃப்ளிக்ட்?"

"முட்டை பப்ஸா, வெஜிடபிள் பப்ஸா."

அவள் எழுதிக்கொண்டாள். "என்ன வகை?"

"குடும்பம்."

"குடும்பம் இப்ப எடுக்கறதில்லை மேடம். க்ரைம்னா பார்க்கலாம். யாரையாவது கொன்னிருக்காரா?"

"கொசு."

"எத்தனை?"

"கணக்கு வெச்சதில்லை."

'பல' என்று எழுதினாள். "யார் பார்ப்பாங்க?"

"நான் பார்ப்பேன்."

"அது சரி, வேற யாரு?"

"நான்தான். பதினாறு வருஷமா நான்தான்."

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "ஒரே ஒருத்தர் பார்க்கிறதை நாங்க நடத்த முடியாது மேடம். சரி, முடிவு என்ன?"

"வந்துடுவார்."

"அங்கதான் இடிக்குது. வந்துட்டா அடுத்த சீசன் எப்படிப் போறது? வராம வெச்சுக்கலாம். வராத புருஷனுக்கு நல்ல வரவேற்பு இருக்கு."

நான் யோசித்தேன். வரமாட்டார் என்று சொன்னால் அவரைப் பார்க்க விடுவார்கள். வந்துவிடுவார் என்று சொன்னால் விடமாட்டார்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"வரமாட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் முத்திரை குத்தினாள். ஈரம் காயும்வரை ஊதினாள். பிறகு சன்னல் மாதிரி இருந்த ஒரு ஓட்டையைக் காட்டினாள். முன்பு படத்தின் வெளிச்சம் அது வழியாகத்தான் போகும்.

நான் அது வழியாகப் போனேன்.

இடைவேளை அப்படியே இருந்தது. டியூப் லைட், ஈரத் தரை, வெண்ணெய் வாசனை. கேன்டீன் முன்னால் நீளமான வரிசை. அவர் மூன்றாவது ஆளாக நின்றிருந்தார். இதற்குள் நான் முடிக்குச் சாயம் போட ஆரம்பித்து, அலுத்துப்போய் விட்டும்விட்டேன். அவர் சட்டைக் கசங்கல்கூட மாறவில்லை.

"ஏங்க."

திரும்பினார். "நீ ஏன் கோதை எழுந்து வந்த? சீட்டை யாரு பார்த்துக்கறது?"

"கைக்குட்டை இருக்குங்க. அக்காகிட்ட சொல்லிட்டு வந்தேன்."

"எந்த அக்கா?"

"புதுசா பழக்கம். வாங்க, போயிடலாம்."

"இவ்வளவு நேரம் நின்னுட்டு இப்பப் போறதா? ரெண்டு பேருதான் இருக்காங்க. மணி அடிக்கிறதுக்குள்ள வந்துடுவேன்."

மணியைக் கழற்றி விற்றுவிட்டார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாங்க பப்ஸ்."

"வீட்டுக்குப் போறப்போ வாங்கியிருக்கலாம்னு சொல்லுவ. எனக்குத் தெரியாதா உன்னை?"

அது உண்மைதான். நான் அப்படிச் சொல்கிறவள்தான்.

"நான் இங்கயே நிக்கறேன், உங்ககூட."

"ரெண்டு பேரும் இங்க நின்னா கதையை யாரு பார்க்கிறது? அப்புறம் எனக்கு யாரு சொல்லுவா?" என்றார். "போம்மா. விட்டுடாமப் பாரு. வந்து கேட்பேன்."

வரிசையில் பின்னால் நின்றவர், "அண்ணி, பாசமெல்லாம் வீட்டுல வெச்சுக்குங்க, வரிசை நகரட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வரிசை நகரவில்லை.

நான் திரும்பி வந்தேன். வரும்போது படிகள் மூன்றுதான் இருந்தன.

கைக்குட்டை அப்படியே இருந்தது. திரையில் புதிய சீரிஸ் ஓடிக்கொண்டிருந்தது. டியூப் லைட், ஈரத் தரை, வரிசை. மூன்றாவது ஆளாக என் கணவர்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா ரொம்ப இழுக்கிறான்" என்றார் ரெங்கநாயகி அக்கா. "இந்த ஆளு வருவானா, மாட்டானாம்மா?"

"வரமாட்டார்னுதாங்க்கா எழுதியிருக்கு."

"வரக்கூடாதும்மா. வந்தா கதை முடிஞ்சிடும்ல?"

முதல் சீசன் முடிவில் அவருக்கு முன்னால் இருந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். என் கணவர் இரண்டாவது ஆளானார். அக்கா கைதட்டினார். இரண்டாவது சீசனில் முன்னால் நிற்கும் ஆளின் சின்ன வயசுக் கஷ்டத்தைக் காட்டினார்கள். ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அக்காவும் போனார்.

"மன்னிச்சுக்கம்மா. அந்த வில்லனை நினைச்சுக்கிட்டே இருக்கு. அவனுக்கு இன்னொரு சீசன் வருதாம், வேற எடத்துல" என்றார்.

அரங்கில் நான் மட்டும் இருந்தேன். திரையில் என் கணவர் அசையாமல் நின்றார். அவர் முகத்தின் மேல் எழுத்துகள் வந்தன.

இன்னும் பார்க்கிறீர்களா?

ஆம் என்றால் அவர் அங்கேயே நிற்பார். இல்லை என்றால் அங்கேயும் நிற்கமாட்டார்.

"ஆம்" என்றேன். என் குரல் காலி சீட்டுகளின் மேல் போய்விட்டுத் திரும்பி வந்தது.

படம் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவர் காலை மாற்றி நின்றார். பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். யாரோ அழைத்த மாதிரி என் பக்கமாகத் திரும்பினார்.

"என்ன நடந்துச்சு?" என்றார்.

நான் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையின் பக்கம் சாய்ந்தேன். பக்கத்தில் தொந்தரவுபட யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தணித்துக்கொண்டு, விட்டுப்போனதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

பாதியில் எழுத்துகள் மறுபடி வந்தன.