ரூபீனா கழுத்தில் ஓனிக்ஸ்

கங்காதரன் வீட்டுக் கல்யாணத்துக்கு யாராவது கறுப்புச் சேலையில் வந்தால் மனிதருக்கு முகமே சுண்டிவிடும். தி. நகரில் அவர் நடத்தும் நகைக்கடையில் மட்டும் கறுப்பு என்றால் ராஜகம்பீரம். ஓனிக்ஸ் என்கிற கறுப்புக் கல் நகைகள் வந்திறங்கிய நாளிலிருந்து, "கறுப்புதாம்மா பவர். கெட்ட பார்வையை அப்படியே உறிஞ்சிடும்," என்று வருகிறவர்களிடமெல்லாம் ஓதிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் அது சாயம் ஏற்றிய கல்தான். சாயம் போட்ட கல் எதை உறிஞ்சும் என்று கவுன்ட்டரில் நிற்கும் ரூபீனா ஒருநாள் கேட்டாள். "பி.காம் படிச்ச பொண்ணை வேலைக்கு வெச்சதுதான் தப்பு," என்றார்.

பெட்டியில் கிடந்த ஓனிக்ஸை யாரும் சீண்டவில்லை. அதனால் தங்கக் கம்பியில் கறுப்பு மணி கோத்த சங்கிலி ஒன்றை அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். நிக்காஹ் அன்று மணப்பெண்ணுக்குக் கட்டும் கருகமணி பார்ப்பதற்கு அச்சு அசல் அப்படித்தான் இருக்கும் என்பது அவருக்கு எங்கே தெரியும்? ரூபீனாவுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அது கழுத்தில் ஏறியதிலிருந்து, மனைவிக்கு மூக்குத்தி வாங்க வந்து அவளிடம் போன் நம்பர் கேட்கிற உத்தமர்கள் அடங்கியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அடையாறிலிருந்து அவளுக்குச் சஃப்வான் என்ற பையனின் சம்பந்தம் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: நிக்காஹ்வுக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக்கூடாது. சைதாப்பேட்டையில் லோடு ஆட்டோ ஓட்டும் அவள் அத்தா ஷாஹுல் ஹமீது, நல்ல குடும்பம் என்று தலையாட்டிவிட்டு வந்தார். அவர்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்தவள் ரூபீனா ஒருத்திதான். கடையில் அடுத்த மாதம் அவளைக் கவுன்ட்டர் பொறுப்பாளர் ஆக்குவதாக இருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பெண்கள் மூக்குத்தி பார்க்க வந்தார்கள். மூக்குத்தியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்: அவள் பல், நிறம், நடை. சொல்லாமல் வந்து பெண்ணை நோட்டம் விடுகிற வேலை. வாட்ஸப் படத்தில் பார்த்த முகம் என்பதால் ரூபீனா உடனே கண்டுகொண்டாள். சஃப்வானின் அம்மா அஸ்மத்துன்னிசாவும் அவர் தங்கை ஹாஜிரா பீயும்.

ஹாஜிரா பீ அக்காவை முழங்கையால் இடித்தாள். "அக்கா, கழுத்தப் பாரு. கட்டிக்கினு கீறா!"

"யா அல்லாஹ்! ஏம்மா, உனக்கு நிக்காஹ் ஆயிடுச்சா?"

ஒரு தலையசைப்பு போதும். சம்பந்தம் தானாகவே படியிறங்கிப் போய்விடும், வேலை தப்பிக்கும். ஆனால் மகளின் கல்யாணத்தை மறைத்து இன்னொரு மாப்பிள்ளை தேடினான் என்று சாயங்கால மஃரிப் தொழுகைக்குள் சைதாப்பேட்டை முழுக்கப் பரவும். பள்ளிவாசலில் அத்தா எந்த முகத்தோடு நிற்பார்? பாதி அசைந்த தலையை நிறுத்தினாள்.

"இல்ல மாமி. இது கருகமணி இல்ல, ஓனிக்ஸ். கடை நகை, விளம்பரத்துக்குப் போட்டுக்கீறேன்."

மாமி என்றதும் இருவருக்கும் குட்டு உடைந்தது புரிந்தது. அஸ்மத்துன்னிசா அசரவில்லை. "மொதல்ல கழட்டு அத. எங்க வூட்டுக்கு வந்தா இந்த வேலையும் கெடையாது, இந்த வேஷமும் கெடையாது."

"வேலைய வுட மாட்டேன் மாமி."

"உங்க அத்தா ஒத்துக்கினாரே?"

"அவரு ஒத்துக்கினா அவரு ஆட்டோவ நிறுத்தட்டும். நான் ஒத்துக்கல."

"வாயப் பாரேன்! நாலு எழுத்து படிச்சிட்டா இப்டித்தான்," என்றாள் ஹாஜிரா பீ.

"நாலு எழுத்துக்கா மூணு வருஷம் காலேஜ் போனேன்?"

"அப்ப இந்த சம்பந்தமே வேணாம்," என்றார் அஸ்மத்துன்னிசா.

ரூபீனா மூக்குத்தித் தட்டை மூடி உள்ளே வைத்தாள். போய்விடுவார்கள் என்று பார்த்தால், அக்காள் நகரவில்லை. பார்வை சங்கிலியிலேயே ஒட்டிக்கிடந்தது.

"அந்தக் கல்லு நெசமாவே கண்ணு படாம காக்குமா?"

"சாயம் போட்ட கல்லு மாமி. பாக்க அழகா இருக்கும், அவ்ளோதான்."

"உன்ன யாரு சாயம் கேட்டா? குடு, போட்டுப் பாக்கறேன்."

சொந்தக் கருகமணியைச் சேலைக்குள் தள்ளிவிட்டு, வேஷத்தை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினார். "எடுப்பா கீதுக்கா," என்றாள் தங்கை. அக்காள் கழற்றவில்லை.

ஹாஜிரா பீயின் கை போனைத் தேடிப் பைக்குள் போனது. ரூபீனா முந்திக்கொண்டு அத்தாவுக்குப் போன் போட்டாள்.

"அத்தா, சஃப்வான் வூட்லேந்து வந்துகீறாங்க. வேலைய வுட மாட்டேன்னு சொல்லிட்டேன். சம்பந்தம் வேணாம்னுட்டாங்க. வேற யாரு எது சொன்னாலும் நம்பாத. திட்றத வூட்டுக்கு வந்தப்புறம் திட்டு, இப்ப கஸ்டமர் கீறாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "பில்லு யாரு பேர்ல போடணும், மேடம்?"