இருதயம் நின்றவர்களின் சனிக்கிழமை

கட்டைபறிச்சான் கிராமத்து அன்னலட்சுமியின் இருதயம் நின்றுபோய் இது நான்காவது வருடம். சனிக்கிழமைகளில் அவர் இப்போதும் பஸ் ஏறித் திருகோணமலைக்கு வந்து, ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் பாராளுமன்ற உறுப்பினர் பிரகலாதனின் காரியாலயத்தில் முன்வரிசைக் கதிரையில் உட்காருகிறார். ஆரம்பத்தில் வைத்தியர்கள் ஓரிருவர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார்கள். தன் காலில் நடந்து வருகிறவருக்கு மரணப் பதிவு எழுத முடியாது என்று கிராம சேவகர் கையை விரித்துவிட்டார். அதன்பிறகு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

எங்கள் எம்.பி.யின் கிழமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திங்கள் மாலை கொழும்புக்குப் புறப்படுவார். செவ்வாய் தொடங்கி வெள்ளி வரை சபையும் அமைச்சுகளின் படிக்கட்டுகளும். சனிக்கிழமை மக்கள் சந்திப்பு. உடைந்த மதகு, ஆசிரியர் இடமாற்றம், வேலிச் சண்டை எல்லாம் அன்றைக்குத்தான். ஞாயிறு கலியாணவீடு, செத்தவீடு, ஆஸ்பத்திரி. கலியாணவீட்டுச் சிரிப்போடு செத்தவீட்டுக்குள் நுழைந்து ஒருமுறை பேச்சும் வாங்கியிருக்கிறார். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த அன்னலட்சுமியைப் பார்க்கப் போனார். யுத்தகாலத்தில், விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லிக் கூட்டிப்போகப்பட்ட தன் மகன் கோகுலன் எங்கே என்று அந்த மனுசி அவரிடம் வருடக்கணக்காகக் கேட்டு வந்தவர். பிரகலாதன் அவர் கையைப் பிடித்து, எல்லோருக்கும் ஆறுதல் சொல்கிற அதே வாயால், “பதிலை நான் கொண்டு வாறன் அம்மா. அது வரைக்கும் நீங்கள் போயிடாதேங்கோ” என்றார். அவருடைய அரசியல் வாழ்க்கையில் சொன்னபடியே பலித்த முதல் வார்த்தை அது. அன்று பின்னேரம் இருதயம் நின்றது. அன்னலட்சுமி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

பிரகலாதனும், பாவம், சும்மா இருக்கவில்லை. சபையில் எழுந்து கோகுலனின் பெயரைச் சொல்லிக் கேட்பார். பொறுப்பான அமைச்சர் எழுந்து பதிலளிக்க இரண்டு மாத அவகாசம் கேட்பார். அவகாசம் கொடுக்கப்படும். ஆட்சி மாறியது, அமைச்சர்கள் மாறினார்கள், புதியவர்களும் அதே அவகாசத்தைக் கேட்டார்கள். இந்தப் பக்கம் அன்னலட்சுமிக்குச் சோற்றில் ருசி போயிற்று, நித்திரை போயிற்று, கைகள் ஐஸ் பெட்டியில் கிடந்த மீனைப்போலக் குளிர்ந்தன. அழ நினைத்தாலும் கண்ணீர் வராததுதான் அவருக்குப் பெரிய துக்கம். அவரைப் பார்த்துப் பார்த்து எம்.பி. சனிக்கிழமைகளில் காரியாலயத்துக்குப் பிந்தி வரத் தொடங்கினார்.

போன மாசியில் சல்லி என்ற கரையோரக் கிராமத்திலிருந்து வல்லிபுரம் வந்தார். கடலுக்குப் போகிறவர், மனைவி இறந்தபின் தனிக்கட்டை. சுவாசப்பையில் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர் அனுப்பிவிட்டிருந்தார். அவருடைய ஒரே மகள் நிருஜாவும் கோகுலனைப்போலக் கூட்டிப்போகப்பட்டவள்தான்.

“அன்னலட்சுமி அக்காவுக்குச் சொன்னதை எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ தம்பி” என்றார்.

பிரகலாதன் பதறிப்போனார். “ஐயா, அவ படுற பாட்டைப் பாருங்கோ. நித்திரை இல்லை, அழக்கூட ஏலாது. நானும் கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனன். பதில் வரும் எண்ட நம்பிக்கை எனக்கே இல்லை.”

இதை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். முன்வரிசையில் அன்னலட்சுமி இருக்கிறார் என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

வல்லிபுரம் இருமி முடித்து, “பதில் வராட்டியும் பரவாயில்லை தம்பி. பிள்ளை வந்து கதவைத் தட்டேக்க உள்ளுக்க ஒருத்தரும் இல்லாட்டி என்ன செய்யும்?” என்றார்.

முன்வரிசையிலிருந்து அன்னலட்சுமிதான், “சொல்லுங்கோ தம்பி” என்றார். “நான் போகாமல் இருக்கிறதும் அதுக்குத்தானே.”

பிரகலாதன் சொன்னார். சொல்லும்போது அவர் அழுதார், அந்த அறையில் அன்னலட்சுமியைத் தவிர எல்லோரும் அழுதார்கள்.

சித்திரை பிறந்து சில நாட்களில் வல்லிபுரத்தின் இருதயம் நின்றது. செய்தி கரையோரம் பரவ, நிலாவெளியிலிருந்தும் சம்பூரிலிருந்தும் கூட்டிப்போகப்பட்ட பிள்ளைகளின் நோயாளிப் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். பிரகலாதன் யாருக்கும் மறுக்கவில்லை. காரியாலயத்துக்குப் பிளாஸ்டிக் கதிரைகள் புதிதாக வாங்கவேண்டி வந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அவர் எழுந்து பெயர்களைச் சொல்கிறார், அமைச்சர்கள் அவகாசம் கேட்கிறார்கள். சனிக்கிழமைகளில் “இன்னும் இல்லை” என்கிறார், “ஓம்” என்று சொல்லிவிட்டு அவர்கள் பின்னேர பஸ்ஸில் திரும்புகிறார்கள். சல்லியில் நிருஜாவின் வீட்டில் ஆள் இருக்கிறது.