வடத்தில் உட்கார்ந்த பாரம்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் விசையை ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டிவிடுவார்கள். தள்ளினால் இந்தப் பக்கம், இழுத்தால் அந்தப் பக்கம். அந்த அம்புக்குறியின் முனையில் யார் இருந்தார், அவர் செத்துப்போனால் யார் அழுதார்கள் என்பதெல்லாம் புத்தகத்துக்கு வேண்டாத விஷயம். எனக்கு அதுதான் வேண்டும். அதனால் அத்தாயியின் கதையைச் சொல்கிறேன்.

மேட்டூர் அணையைக் கட்டி முடித்த வருஷம். காவிரித் தண்ணீர் தஞ்சாவூருக்குப் போயிற்று. திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே மேட்டாங்காட்டுக்காரர்களுக்குப் பழையபடி கிணறுதான் கதி. எருதுகளைப் பூட்டிக் கவலை கட்டித் தண்ணீர் இறைக்க வேண்டும். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை இறங்கும். அதற்கு வாரி என்று பேர். எருதுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு வாரியில் இறங்கினால், மறுமுனையில் கட்டிய சால் என்கிற பெரிய வாளி தண்ணீரோடு மேலே வந்து தொட்டியில் கொட்டும். ஓட்டுகிறவன் நடக்கமாட்டான், வடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வான். வெளியூர்க்காரன் பார்த்தால் சரியான சோம்பேறி என்று நினைப்பான்.

அத்தாயியின் புருஷன் சென்றாயன் நல்ல கட்டுமஸ்தான ஆள். ஊரில் யாரிடமும் இல்லாத பெரிய சாலாகச் செய்து வைத்திருந்தான். தை மாதத்துக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளை குட்டி கிடையாது. மிஞ்சியது கிணறு, ராகிக் காடு, அவன் கன்றிலிருந்து வளர்த்த இரண்டு எருதுகள்.

கருமாதி முடிந்ததும் கொழுந்தன் கந்தவேல் வந்தான். கெட்டவனில்லை. காடும் வேண்டும், நல்ல பேரும் வேண்டும் என்கிற ரகம்.

"ராகி காஞ்சு போச்சுன்னா வருசம் பூரா என்னத்தக் குடிப்பீங்க அண்ணி? காட்ட எங்கிட்ட உட்டுப்போட்டு எங்கூட்டுக்கு வந்துருங்க. ஒரு மூலைல இருந்துக்கலாம்."

அந்த மூலை எப்படிப்பட்டது என்று அத்தாயிக்குத் தெரியும். புருஷன் செத்த பெண்கள் அப்படிப்பட்ட மூலைகளில் மாவாட்டியே கிழடாகிப் போனதைப் பார்த்திருக்கிறாள்.

"அமாவாசைக்குள்ள நானே தண்ணி பாச்சிப் பாக்கறேன் தம்பி. முடியலீன்னா வாரேன்" என்றாள்.

பெண்பிள்ளை வடத்தில் உட்கார்ந்தால் ஊற்றுக்கண் அடைத்துக்கொள்ளும் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு. அதிலும் தாலி இறக்கியவள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே அத்தாயி எருதுகளின் பக்கத்தில் நடந்தபடியே ஓட்டினாள். பாதி வாரி இறங்கியதும் அவை நின்றுவிட்டன. சால் கிணற்றுக்குள் அந்தரத்தில் தொங்கியது. அதட்டினாள், கெஞ்சினாள். கால் பெயரவில்லை.

"வாயில்லாச் சீவன்கூட ஆளக் காணாம ஏங்குது பாருங்க" என்றாள் பக்கத்துக் காட்டு உண்ணாமலை.

அத்தாயி அதை அப்படியே நம்பிவிட்டாள். சென்றாயனுடைய தலைத்துண்டை எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொண்டு போனாள், வாசனைக்காவது நடக்கட்டும் என்று. நடக்கவில்லை. சாயங்காலம் கட்டுத்தறியில் சோளத்தட்டுப் போட்டுவிட்டு அவற்றின் நடுவில் உட்கார்ந்து பேசுவாள். "அந்த மனுசன் அருமை உங்களுக்கும் எனக்குந்தான் தெரியும் சாமிகளா" என்பாள். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள், ஆனால் சால் மேலே வராததில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. துக்கத்துக்குத் துணை கிடைத்த நிம்மதி.

ராகிக்குத் துணையெல்லாம் தெரியாது. தோகை சுருள ஆரம்பித்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் காலை. வழக்கம்போல எருதுகள் பாதியில் நின்றன. பின்னாலிருந்து முன்னால் போய் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கலாம் என்று ஓடியவளுக்குச் சரளைமண் வழுக்கிவிட்டது. விறைத்து நின்ற வடத்தின் மேலேயே குப்புற விழுந்தாள். எருதுகள் நகர்ந்தன. அவளையும் சுமந்துகொண்டு கடைசிவரை இறங்கின. பின்னால் தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

'வந்துட்டாரு' என்றுதான் முதலில் நினைத்தாள்.

எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. தலைத்துண்டு அவிழ்ந்து அவள் வழுக்கிய இடத்திலேயே கிடந்தது. ஊற்று அடைத்தால் அடைக்கட்டும் என்று அடுத்த நடைக்கு வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்தாள். விழுந்தபோது இருந்த வேகம் இப்போது இல்லை, சால் கிணற்று வாய்வரைக்கும் வந்து தயங்கியது. அவள் உடம்பில் என்ன கனம் இருக்கிறது. கிணற்றோரம் கிடந்த கருங்கல் ஒன்றை அந்தத் துண்டிலேயே கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எருதுகள் நடந்தன. வாலை ஆட்டிக்கொண்டு, அசைபோட்டுக்கொண்டு, சென்றாயன் இருந்தபோது எப்படி நடந்தனவோ அப்படியே நடந்தன. கல்லுக்கும் நடந்தன.

அன்றைக்கு முழுக்க அவள் இறைத்தாள். ஒவ்வொரு நடைக்கும் கல்லை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேடேறினாள். பாத்தி நிறைந்ததும் இறைப்பை நிறுத்திவிட்டு ஓடிப்போய் மடையைத் திருப்பினாள். பொழுது சாயும்போது காடு முக்கால்வாசி நனைந்திருந்தது.

கந்தவேல் வரப்பில் வந்து நின்று பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். வடத்தில் உட்காரலாமா என்று கேட்க வாயெடுத்தவன், தண்ணீர் ஓடுவதைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டான்.

"எருதுங்க அண்ணன மறந்துருச்சாட்ட இருக்குதுங்க" என்றான்.

"நெனச்சிருந்தாத்தான தம்பி மறக்கறதுக்கு" என்றாள் அத்தாயி. "சால் கனமா இருந்துச்சு, வடத்துல பாரம் பத்தல, அவ்வளவுதான். காடு என்னுதாவே இருக்கட்டும்."

அவன் போய்விட்டான். அவள் எருதுகளை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கட்டினாள், தட்டுப் போட்டாள், தண்ணீர் காட்டினாள். அவற்றின் நடுவில் உட்கார்ந்து பேசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சென்றாயன் செத்த அன்றைக்கு ஊரோடு சேர்ந்து அழுதவள், இன்றைக்குத்தான் தனியாக அழுதாள்.